தலைவரின் கியர்பாக்ஸ்

ஓஹையோவில் எங்கள் ஊரின் ஜூலை நான்கு சுதந்திர தின ஊர்வலத்தில், முதல் கார் எப்போதும் வெண்டெல் கிராட்ஸுடையதுதான். ஊர்வலக் கமிட்டித் தலைவரும் அவரே. அந்த ஆண்டு காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துபோய், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் முன்னேறியது. மெக்கானிக்கிடம் போவது தலைமைக்கு இழுக்கு என்று வெண்டெல் தானே பிரித்தார். புதிய தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்தார். அவற்றை அழுத்தும் பிஸ்டனில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் வளையத்தை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உள்ளே தள்ளினார்.

"மூடறதுக்கு முன்னாடி காத்தடிச்சு, கிளட்ச் பிடிக்குதான்னு பாக்கணுமாம். புத்தகத்துல போட்டிருக்கு," என்றார் மனைவி லோரெட்டா.

"புத்தகமெல்லாம் கைப்பழக்கம் இல்லாதவங்களுக்கு."

"உன் கைப்பழக்கம் கியர்பாக்ஸுக்கும் தெரிஞ்சிருந்தா சரி."

ஊர்வலத்தன்று பேண்டு முழங்கியதும் வெண்டெல் முன்கியரைப் போட்டார். கார் நகரவில்லை. ஸ்க்ரூடிரைவர் கிழித்திருந்த சீல் வழியே எண்ணெய் அழுத்தமெல்லாம் கசிந்துவிட்டது. ரிவர்ஸுக்கு வேறு கிளட்ச் என்பதால் அது மட்டும் பிடித்தது.

"வேற யாரையாவது முன்னாடி போகச் சொல்லட்டுமா, வெண்டெல்?" என்றார் பக்கத்து இருக்கையிலிருந்த லோரெட்டா.

"வேணாம். காரைத் திருப்பிவிடச் சொல்லு."

பேண்டுக்காரர்கள் தள்ளித் திருப்பினார்கள். லோரெட்டா வழி சொல்ல, தலைவர் ஊர்வலத்தைப் பார்த்தபடி ரிவர்ஸில் போனார். "மக்களுக்கு முதுகு காட்டறவன் தலைவனே இல்ல," என்று மைக்கில் அறிவித்தார். ஊரே கைதட்டியது.

அடுத்த ஆண்டு கமிட்டி அதையே விதியாக்கியது. வெளியூர் மெக்கானிக்கிடம் ரகசியமாகக் கியர்பாக்ஸைச் சரிசெய்து வைத்திருந்த வெண்டெல், சுளுக்கிய கழுத்தோடு மறுபடியும் ரிவர்ஸில் போனார்.