சின்னப்பொண்ணு, வயது 62, கோவளம்

ஐந்தாவது முறையாகக் கட்டுரை திரும்பி வந்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

செங்கல்பட்டில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பதினோரு வருடமாக ஒப்பந்த வேலை. மார்ச் முடிவதற்குள் அங்கீகாரம் பெற்ற ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வராவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். தமிழ் ஆசிரியைக்கு எதற்கய்யா ஆங்கில இதழ் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கட்டுரை என்னிடம் தயாராகவே இருந்தது. கோவளத்து மீனவர்கள் கடல் நீரோட்டங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பற்றியது. ஒரு தமிழ் இதழ் வெளியிட ஒப்புக்கொண்டும் இருந்தது. அது கல்லூரிக்குச் செல்லாது என்றதும் திரும்ப வாங்கி ஆங்கிலமாக்கினேன். மொழிபெயர்க்கப் பத்து நாள் பிடித்தது. கடைசி மூன்று பக்கத் துணைநூற்பட்டியலை அவர்கள் முறைக்கு மாற்ற ஐந்து மாதம்.

முதலில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களில் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? என் இனிஷியலை விரித்து எழுதியதும் கட்டுரையை நரசிம்மன் எழுதியதாக ஆக்கிவிட்டார்கள். நரசிம்மன் என் அப்பா. மின்சார வாரியத்தில் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர், கடலைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். அடுத்து, தமிழ் நூல்களின் தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியுமாக வேண்டும் என்றார்கள். அதன்பின், 'ஆடி இதழ்' என்று போட்டிருக்கிறீர்களே, அது ஜூலையா ஆகஸ்டா? இரண்டும்தான் என்று எழுதினேன். ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்று பதில் வந்தது. நான்காவது முறை வெறும் காற்புள்ளிக்காக. போதும்டா சாமி என்று ஆகிவிட்டது.

ஐந்தாவது கடிதத்தில்தான் சின்னப்பொண்ணு அக்காவைக் கேட்டார்கள்.

தமிழ் இதழில் கட்டுரையின் முடிவில் தகவல் தந்தவர்களுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. அதில் 'சின்னப்பொண்ணு, வயது 62, கோவளம்' என்று போட்டிருந்தேன். ஆங்கிலத்துக்கு மாற்றும்போது அதைத் துணைநூற்பட்டியலுக்குள் கொண்டுபோயிருந்தேன். அது அங்கே வரக்கூடாதாம். யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துப் பார்க்கக்கூடிய ஆதாரம் மட்டும்தான் பட்டியலில் இருக்கலாம். நன்றியுரை உட்பட எங்குமே பெயர் சொல்வதானால் கல்லூரியின் ஆய்வு நெறிக்குழு தரும் சான்றிதழ் வேண்டும். எங்கள் கல்லூரியில் குழு ஏது? குடிதண்ணீர்க் குழாயே ஒழுங்காக வராது.

சின்னப்பொண்ணு அக்கா இப்போது மீன் விற்கிறாள். அவள் அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை, அதனால் கல்யாணம் ஆகும்வரை அவரோடு கட்டுமரத்தில் போனவள். வன்னி, தெண்டி என்று தொடங்கிப் நீரோட்டங்களின் பதினான்கு பெயர்களை எனக்குச் சொன்னவள் அவள்தான். முதல் நாளே கேட்டாள்.

"முன்ன ஒரு ஆபீசரு வந்தாரு டீச்சரு. எங்கம்மாவும் நானும்தான் ஒவ்வொன்னா சொன்னோம். நாலு நாளு எய்திகினாரு. புக்கு போட்டாராம், எங்க பேரே இல்லியாம். நீயாவது போடுவியா?"

"கண்டிப்பா போடுறேன்க்கா. அச்சானதும் நானே கொண்டுவந்து காட்டுறேன்" என்று சொல்லித் தொலைத்திருந்தேன்.

எங்கள் ஆங்கிலத் துறை ஜெயகிருஷ்ணனிடம் கடிதத்தைக் காட்டினேன். நல்ல மனிதர். நூலகத்தில் தேடி ஒரு பழைய மீன்வளக் கணக்கெடுப்பு அறிக்கையை எடுத்துவந்தார். கிருஷ்ணபிரசாத் என்ற அதிகாரி எழுதியது. பதினான்கு பெயர்களும் அதில் வரிசையாக இருந்தன. கீழே 'உள்ளூர்ப் பெண்கள் கூறியது' என்று ஒரு குறிப்பு.

"இதைப் போட்டுடுங்க மேடம், பிரச்சினை முடிஞ்சுது. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்" என்றார்.

அது எந்த ஆபீசர் என்று எனக்குப் புரியாமல் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்தது. வியாழக்கிழமையே மாற்றி அனுப்பினேன். மறுநாள் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு திருத்தம்கூட இல்லை.

அச்சான பிரதியை எடுத்துக்கொண்டு போகாமல் இருந்திருக்கலாம். திருப்போரூரில் பஸ் மாறும்போதுகூடத் திரும்பிவிட நினைத்தேன். கோவளத்தில் இறங்கியபோது அக்கா சங்கரா மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வா டீச்சரு. இன்னா, இப்டி எளச்சிப் பூட்ட?"

பிரதியைக் கண்டதும் கையை இரண்டு முறை புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எம்பேரு எங்க கீது?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "பின்னாடி" என்று வந்துவிட்டது.

"நீ காட்டாத, நானே புடிக்கிறேன்" என்று இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வாக்காளர் அட்டையை எடுத்தாள். அதில் அவள் பெயர் ஆங்கிலத்திலும் இருந்தது. அட்டையைத் தாளின் மேல் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே நகர்த்தி, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கத் தொடங்கினாள். பட்டியலின் முதல் பக்கத்து நடுவில் நின்றாள்.

"கீது! தோ..." விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "இல்ல, இது வேற யாரோ."

அது ஏதோ ஒரு சிதம்பரம். இரண்டாம் பக்கம் முடிந்தது. மூன்றாம் பக்கமும் முடிந்தது. அக்கா திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"உட்டுட்டேன் போல கீது. கண்ணு வேற செரியா தெரில. நீயே காட்டு டீச்சரு."

"போடலக்கா."

அட்டை தாளின் மேலேயே நின்றது.

"போட விடலக்கா. எடுத்துப் பாக்குற மாதிரி புக்குதான் வேணுமாம். கட்டுரை வரலன்னா வேலை போயிருக்கும்."

"அப்ப யாரு சொன்னதுன்னு போட்டுக்கீற?"

நான் கிருஷ்ணபிரசாத் இருந்த வரியில் விரலை வைத்தேன். "அந்த ஆபீசர்" என்றேன்.

அக்கா அட்டையைச் சுருக்குப்பையில் போட்டு இழுத்துக் கட்டினாள். தாள்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

"புடி, மீன் தண்ணி பட்டுறப் போவுது. காலேஜில காட்டணும் இல்ல?"

வாங்கிக்கொண்டேன்.

"அந்தாளாவது திரும்பி வந்து காட்டாம இருந்தாரு" என்றாள்.

அதற்குள் ஒருவர் வண்டியை நிறுத்தி, வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, சங்கராதான் என்று அக்கா அவரிடம் சொன்னாள்.