அம்மனுக்குக் காய்ச்சிய தண்ணீர்

மடுல்சீமை மாரியம்மனைக் கொதித்து ஆறிய தண்ணீர் குடிக்கப் பழக்கியவள் நான்தான். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். என் வீட்டுக்காரர் சிரித்தார். பதுளைத் தேவாலயத்தில் என்னோடு பாட்டுக் குழுவில் பாடுகிறவர்கள், 'றோசாலி, வேதக்காரியான உன்னிடமா அம்மன் ஆலோசனை கேட்டாள்?' என்று சிரித்தார்கள். பூசையில் பாதிரியார் கூட ஒருமுறை என்னைப் பார்த்ததும் பிரசங்கத்தை விட்டுவிட்டுச் சிரித்ததாக ஞாபகம். சிரிக்காமல் நம்பாதவர் ஒருவர்தான் இருந்தார்: அம்பலவாணர். அவரிடம் பிறகு வருகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்தது இது. நான் பொதுச் சுகாதாரத் தாதி. ஆஸ்பத்திரித் தாதிக்கு நோயாளி கட்டிலில் படுத்திருப்பார். எனக்கு ஒரு லயமே, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகள் அத்தனையுமே, நோயாளி. ஒருவருக்குக் காய்ச்சல் வந்த பிறகு போவதல்ல என் வேலை, வருவதற்கு முன்னால் போய் அவருடைய அடுப்பங்கரையில் உட்காருவது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை எப்படிப்பட்டது என்றால், வேனில் ஏறும்போது வாயில் இருந்த கட்டுப்பல் இறங்கும்போது பின் சீட்டில் இருப்பவருடைய வாயில் இருக்கும். பனியோ, கத்தியால் வெட்டிப் பொட்டலம் கட்டலாம்.

அங்கே பிள்ளைக் காம்பராவில் ஐந்தாறு சிறுசுகளுக்கு மஞ்சள் காமாலை. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அம்பலவாணர் எங்கள் பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடம் பதுளைப் பனியில் ஊறியும் பேச்சு மாறாதவர். மேல் லயத்துக்கும் மலைத் தண்ணீர் விழும் பீலிக்கும் இடையில் மழையோடு மழையாக ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கினார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். மேல் லயத்து மலசலகூடக் குழி மழையில் நிரம்பி, கசிந்து, எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே ஊறிக்கொண்டிருந்தது. புதுக் குழாய் போட்டுத் தருவதாகத் தோட்டத்துக் காரியாலயத்தில் சொன்னார்கள். எப்போது என்று மட்டும் சொல்லவில்லை.

பெரியவர்களுக்கு அதுவரை ஒன்றும் ஆகாததற்குக் காரணம் தேத்தண்ணி. தோட்டத்தில் தாகம் என்றால் தேத்தண்ணி, துக்கம் என்றால் தேத்தண்ணி. கொதித்த தண்ணீர் தவிர வேறு அவர்கள் தொண்டையில் இறங்குவதே இல்லை. வருடத்தில் ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த நாள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்து நின்றது.

திருவிழா. பீலித் தண்ணீரைப் பச்சையாகப் பிடித்து, சர்க்கரையும் புளியும் கரைத்துப் பானகம். அருள் வந்து ஆடும் சாமி குடித்ததும் அடுத்த டம்ளர் பிள்ளைத்தாய்ச்சிக்கு. அந்த வருடம் தோட்டத்தில் வயிற்றோடு இருந்தவள் தர்மிளா ஒருத்திதான். எட்டாம் மாதம். ஏற்கெனவே இரண்டு தரம் தங்காமல் போய், இது மூன்றாவது. அந்த மாதத்தில் காமாலை வந்தால் தாயும் பிழைப்பாளா பிள்ளையும் பிழைக்குமா என்று எந்த டாக்டரும் உறுதி சொல்ல மாட்டார். எனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. (சரி, கொஞ்சம் இறங்கியது.)

"திருவிழாவை நிப்பாட்டச் சொல்லி டாக்டரிட்டக் கையெழுத்து வாங்குவம், மிஸ். இந்தச் சனம் சொல்லிக் கேளாது" என்றார் அம்பலவாணர்.

"நிப்பாட்டினா நிக்குமா ஐயா? நமக்குத் தெரியாம செய்வாங்க. நம்மளக் கூப்பிட மாட்டாங்க, அவ்வளவுதான்."

"அப்ப குளோரின் போடுவம்."

பூசாரி மாணிக்கராஜ் குளோரினை முகர்ந்து பார்த்துவிட்டு மூன்றடி பின்னால் போனார். "இத ஆத்தாளுக்குக் குடுத்தா, ஆத்தா எறங்கி நேரா கொழும்புக்குப் போயிரும்."

"காய்ச்சி ஆத்தின தண்ணி?" என்று நான் கேட்டேன்.

"மிஸ்ஸி, ஆத்தா யாரு? சூட்டுக்காரி. குளிரக் குளிரக் குடுத்தாத்தான் அடங்கும். நெருப்புப் பட்ட தண்ணியக் குடுத்தா தோட்டம் பூரா அம்மை போட்டுரும். அப்புறம் அதுக்கும் நீங்கதான் ஊசிய எடுத்துக்கிட்டு வரணும்."

அம்பலவாணர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'நான் சொல்லேல்லையா' என்று எழுதி நெற்றியில் ஒட்டியது போல இருந்தது அந்தப் பார்வை.

அன்று மாலை தர்மிளாவின் மாமியார் வீட்டுக்குப் போனேன். லீலாதேவி பகலில் கொழுந்தெடுப்பவர். திருவிழாவில் அருள் வந்து ஆடுபவரும் அவரேதான். பேச்சுக்கு முன்னால் தேத்தண்ணி வந்தது. இரண்டு கோப்பை குடித்தேன். வீட்டுக்குப் போய் வேலை செய்கிறவளுக்கு முதல் கருவி வயிறுதான். கொடுத்ததைக் குடிக்காதவள் சொல்வதை யார் கேட்பார்கள்?

"பொங்கல் பொங்குறீங்களே லீலாக்கா, அதுவும் அடுப்புல வச்சதுதானே?" என்று கெட்டிக்காரத்தனமாக ஆரம்பித்தேன்.

"அது சோறு மிஸ்ஸி. இது தண்ணி. ஆறினாலும் சூடு உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். உங்க வீட்டுக்காரர் கோவம் மாதிரி."

என் வீட்டுக்காரரை அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை தெரியாது. வாதம் அத்தோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு கெட்டிக்காரத்தனத்தை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன். குழி எங்கே ஊறுகிறது, பிள்ளைகளின் கண் ஏன் மஞ்சளானது, அந்த டம்ளர் தர்மிளாவுக்குள் போனால் என்ன ஆகலாம் என்று எல்லாவற்றையும். தர்மிளா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் குடிக்காம இருந்துறவா அத்தை?"

"ஆத்தா குடுக்குறத வேணாம்பியா? குடிக்காம விட்டு, நாளைக்கு ஒன்னுன்னா ஊரு என்ன சொல்லும்? நீயே என்ன நெனப்ப?" லீலாதேவி அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். பிறகு சொன்னார்: "கேட்டுச் சொல்றேன் மிஸ்ஸி."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயா? ஒங்க பெரிய டாக்டருகிட்டயா கேக்கப் போறேன்?"

வெள்ளிக்கிழமை காலை நானும் அம்பலவாணரும் பீலிக்கரையில் நின்றோம். தப்பு முழங்கியது. நமுனுகுல மலையே அந்தச் சத்தத்தில் ஒரு அங்குலம் நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பெண்கள் குடங்களில் பீலித் தண்ணீரைப் பிடித்து வரிசையாக வைத்தார்கள். லீலாதேவி வேப்பிலையோடு ஆடி வந்தார். பூசாரி முதல் குடத்தில் சர்க்கரையைக் கொட்டப் போன நேரம், குடம் லீலாதேவியின் ஒரே உதையில் உருண்டு தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது.

தப்பு நின்றது.

"என்னாத்தா குத்தம்?" மாணிக்கராஜ் நடுங்கிக்கொண்டே கேட்டார்.

"எம் புள்ளைக்கு எதடா குடுக்கப் பாத்த? காய்ச்சுடா தண்ணிய!"

"ஆத்தா... சூடு..."

"சூடு என்னுது. அம்மையில வெந்த புள்ளைக சூட்ட எல்லாம் யாருடா வாங்கிக்கிட்டா? இந்தத் தண்ணிச் சூட்டையும் நானே வாங்கிக்கிறேன். நெருப்ப மூட்டு. ஆறுனதும் மொதல்ல எனக்குக் குடு, அப்பறம் எம் புள்ளைக்கு."

எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. அது அம்மனா, மருமகளைப் பெற்ற மகளாக நினைக்கிற லீலாதேவியா என்று என்னிடம் கேட்காதீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். கழுத்தில் சிலுவையோடு நின்று கும்பிட்டேன்.

பிறகு நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் முந்நூறு அடுப்பு. முந்நூறு குடம் கொதித்த ஆவியில் பசறை வரைக்கும் பனி மூடியதாம். சாமி பந்தலில் காத்திருந்தது. ஊர் முழுக்க வேப்பிலையால் குடங்களுக்கு விசிறியது. யாருக்கோ அவசரம். சீக்கிரம் ஆறட்டும் என்று கொதித்த குடங்களைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி அதே பீலிக்கு அடியில் வைத்தார்கள்! வாய் திறந்த குடங்களுக்குள் பீலிச் சாரல் ஜோராகத் தெறித்தது.

"ஐயோ, மூடுங்கோ! மூடுங்கோ! எல்லாம் வீணாப் போச்சுது!" அம்பலவாணர் சப்பாத்தோடு தண்ணீருக்குள் பாய்ந்தார். அந்தக் குடங்கள் மறுபடி அடுப்புக்குப் போயின. இந்தத் தரம் அவரே வாழையிலை வெட்டி வந்து, குடத்துக்குக் குடம் வாயை மூடிக் கட்டி, ஒரு கல்யாணவீட்டுச் சமையற்காரரைப் போல அதட்டிக்கொண்டு திரிந்தார். வேட்டி கட்டியிருந்தால் அவரையும் ஊர் கும்பிட்டிருக்கும்.

சாமி குடித்தது. தர்மிளா இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு அழுதாள், அவளைப் பார்த்து நான் அழுதேன், என்னைப் பார்த்துப் பூசாரி அழுதார்.

திரும்பி வரும்போது வேனில் அம்பலவாணர் சொன்னார்: "ஒரு நாளைக்குச் சரி, மிஸ். சாமிக்குப் பயந்து காய்ச்சினவை. நாளைக்கு அந்தப் பிள்ளையள் பழையபடி பச்சைத் தண்ணிதான் குடிக்கும். பழக்கம் எண்டது ஒரு பானகத்தில மாறாது."

"மாறிட்டா?"

"நான் நம்பமாட்டன்."

முன்பே கிருமி உள்ளே போயிருந்த இரண்டொரு பிள்ளைகளைத் தவிர அதற்குப் பிறகு யாருக்கும் கண் மஞ்சளாகவில்லை. தர்மிளாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிறக்கும்போது பத்து கிலோ இருக்கும். தாதிமார் என்னவோ மூன்று கிலோ என்றார்கள், தராசு பழுது. ஞாயிற்றுக்கிழமை தேவமாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினேன். 'மடுல்சீமையில் உன்னைப் போல ஒரு அம்மா இருக்கிறாள், அவளுக்கும் என் நன்றியைச் சொல்லிவிடு' என்று கேட்டுக்கொண்டேன். லீலாதேவிக்கு நேரில் போய்ச் சொன்னேன். அவர், "நான் என்னா மிஸ்ஸி செஞ்சேன்? அன்னைக்கு எனக்கு நெனவே இல்ல" என்றார். தேத்தண்ணி தந்தார்.

பணிமனைக் கூட்டத்தில் எல்லாரும் கேட்கக் கதையைச் சொன்னேன். முந்நூறு குடம், நகர்ந்த மலை, "மிஸ்ஸி சொன்னா சரிதான்" என்று அம்மனே என் பெயரைச் சொன்னது, அன்றிலிருந்து தோட்டமே காய்ச்சிக் குடிப்பது எல்லாம். மண்டபம் குலுங்கியது. எங்கள் டாக்டர் அம்மா கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "அம்பலவாணர், நீங்களும் அங்க நிண்டனீங்கள். இதில எவ்வளவு உண்மை?" என்று கேட்டார்.

அவர் எழுந்து நின்றார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது.

"அந்த லயங்களில முந்நூறு குடம் இல்லை, டாக்டர். மலை அசையேல்லை. அம்மன் மிஸ்ஸின்ர பேரையும் சொல்லேல்லை."

மண்டபம் மறுபடி சிரித்தது. அவர் உட்காரவில்லை.

"மிஸ்ஸுக்கும் சொல்லாமல் நான் பிறகு ரெண்டு தரம் அங்க போனனான். பிழை பிடிக்கத்தான் போனது. பிள்ளைக் காம்பராவில மூடின பானை. வீட்டுக்கு வீடு மூடின பானை. ஏன் காய்ச்சிறியள் எண்டு கேட்டன். 'ஆத்தாளே ஆத்தித்தான் குடிக்குது, நாங்க என்னா பெரிய இதுவா' எண்டு ஒரு மனுசி என்னைப் பேசிப்போட்டுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை கோயில்லயும் பாத்தன். அம்மனுக்கு முன்னால வைக்கிற செம்பும் காய்ச்சின தண்ணிதான். மற்றதெல்லாம் புளுகு, டாக்டர். ஆனா அது நடந்தது."