பத்துப் பேருக்கு ரூம்

கூடப் பிறந்த தங்கையின் குரல் என் அண்ணனுக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்கு அவனைக் குற்றம் சொல்ல முடியாது. நான் மரியாதையாகப் பேசி அவன் கேட்டதே இல்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில், புகார் கேட்கும் பிரிவில். நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் காதில் வாங்கிக்கொண்டு, நாக்கில் தேன் தடவிப் பேச வேண்டும். எத்தனை அசிங்கமாகத் திட்டினாலும் கடைசியில் “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று சொல்லித்தான் போனை வைக்க வேண்டும். அந்த ஆபீஸ் குரலை வீட்டில் யாருக்கும் செலவழித்ததில்லை. முதல்முறையாக, ஆபீஸ் போனிலிருந்தே, அதை அண்ணனுக்குச் செலவழித்தேன்.

“வணக்கம் சார். இந்தக் குளிர்காலத்துல வந்து தங்கலாம்னு இருக்கோம். பத்துப் பேர். ரூம் கிடைக்குமா?”

மறுமுனையில் நாற்காலி தேய்கிற சத்தம். எழுந்தே நின்றுவிட்டான் போலிருக்கிறது.

“கிடைக்குமாவா? வாங்க மேடம், வாங்க! மொத்த லாட்ஜும் உங்களுக்குத்தான்!”

“அட்வான்ஸ் ஏதாவது அனுப்பணுமா சார்?”

“ஐயோ, அதெல்லாம் எதுக்கு மேடம்? நீங்க வந்தா போதும்.”

அண்ணனின் லாட்ஜ் இருப்பது ஒரு கடலோர ஊரில். கோடையில் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. குளிர்காலத்தில் ஊரே காற்று வாங்கும். படகுகளைக் கரையில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். ஐஸ்கிரீம் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அண்ணன் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவான். அந்தக் குளிரில் ஓட்டுவதற்கு ஈயும் கிடைக்காது. அப்போது ரூம் கேட்டு வருகிறவர்தான் அவனுக்குக் கடவுள்.

நான் கேட்டால் மட்டும் வருஷா வருஷம் ஒரே பதில். “சீசன்மா. ரூம் இல்லை.” அம்மாவைப் பார்க்கப் போகிற மகளுக்கு எதற்கு ரூம் என்று அவனுக்கும் தோன்றியதில்லை, அண்ணிக்கும் தோன்றியதில்லை. அம்மா அந்த லாட்ஜிலேயே கீழே, பின்பக்கத்து அறையில் இருந்தாள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு போர்வை விரித்தால் எனக்குப் போதும். அதற்கும் வாய்க்கவில்லை. காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவேன்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். பூனை போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனது.

அன்று மாலை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பஸ் ஓட்டுகிறவர். எதைச் சொன்னாலும் பிரேக் மேல் கால் வைத்துக்கொண்டே கேட்பார்.

“பத்துப் பேருக்கு எங்கடி போவ?”

“யாரு போறா? அவன் ரூமெல்லாம் திறந்து தூசி தட்டட்டும். பாய்லரைப் பத்த வைக்கட்டும். வாசல்ல வந்து பல்லைக் காட்டிட்டு நிக்கட்டும். யாரும் வர மாட்டாங்க. நின்னுட்டே இருக்கட்டும்.”

“பாவம்டி உங்கண்ணன்.”

“எங்கம்மா பாவமில்லையா?”

அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவரும் அங்கே இருந்தார்.

இரண்டு கோடைக்கு முன்னால், சீசன் உச்சத்தில், ஒரு காலை அம்மா கண்ணை மூடினாள். அண்ணன் போனில் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா போயிட்டாங்க. வா. பின்வாசல் வழியா வா.” கேஸ் சிலிண்டருக்கும் துடைப்பம் ஊறுகிற வாளிக்கும் நடுவில் நுழைந்து போனோம். அம்மாவின் அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் ஸ்பூன் சத்தம் கேட்டது. யாரோ எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். இந்தப் பக்கம் அம்மா போர்வைக்குள் கிடந்தாள். “அம்மா” என்று வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் அண்ணனின் உள்ளங்கை என் வாயை மூடியது. டோஸ்ட்டுக்குத் தடவிய வெண்ணெய் வாசம் அந்தக் கையில் அடித்தது.

“சத்தம் போடாத. கெஸ்ட் இருக்காங்க.”

விருந்தாளிகள் எல்லாரும் கடலில் குளிக்கப் போன நேரம் பார்த்து, அழுக்குப் படுக்கை விரிப்புகளை ஏற்றிப் போகிற சலவை வேனில் அம்மாவை ஏற்றினார்கள். அன்று எங்களுக்கு ரூம் இல்லை. டவல் அடுக்கி வைக்கிற அறையில் தங்கினோம். மறுநாள் காலை அண்ணி கதவைத் திறந்து, “சும்மாதானே இருக்க, இந்த டவலை மடிச்சுக் குடேன்” என்றாள். மடித்துக் கொடுத்தேன். இன்று வரை எனக்கு ஆறாதது அதுதான். ஓரம் ஓரமாக நீவி மடித்துக் கொடுத்தேன்.

அன்று தொண்டையில் அடைத்த அழுகை அடைத்ததுதான். அதன் பிறகு எந்தச் சாவுக்குப் போனாலும் எனக்கு அழ வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் போனபோது, “கல்நெஞ்சக்காரி” என்று என் காதுபடவே சொன்னார்கள்.

அண்ணனுக்கு அடிக்கடி போன் போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புது நிபந்தனை.

“சார், திரைச்சீலையெல்லாம் தோய்ச்சதுதானே? எங்க வீட்டுப் பெரியவருக்குத் தூசி ஆகாது.”

“இன்னைக்கே தோய்ச்சிடறேன் மேடம்.”

“நாள் முழுக்க வெந்நீர் வரணும்.”

“பாய்லரையே பிரிச்சு மாட்டிட்டேன் மேடம்.”

மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான். ஆள் வைத்துச் செய்ய வழியில்லை என்பது கேட்கும்போதே தெரிந்தது. எனக்கு அந்த மூச்சிரைப்பைக் கேட்கக் கேட்க மனசு குளிர்ந்தது. என் வீட்டுக்காரருக்கே ருசி கண்டுவிட்டது. “மொட்டைமாடில பத்து நாற்காலி போடச் சொல்லு. அந்தப் பழைய இரும்பு நாற்காலி. ஒவ்வொண்ணும் என்னா கனம்!” என்று அவரே எடுத்துக் கொடுத்தார். சொன்னேன். அண்ணன் போட்டான்.

பத்துப் பேர் வர வேண்டிய நாள் நெருங்கியபோது கடைசியாக ஒன்று கேட்டேன். அதைக் கேட்க வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

“வயசான அம்மா ஒருத்தங்க வர்றாங்க சார். மாடி ஏற முடியாது. கீழ ஏதாவது ரூம் இருக்கா?”

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது.

“இருக்கு மேடம். பின்பக்கம். ரொம்ப அமைதியான ரூம்.”

“இப்ப அதுல யாரு இருக்காங்க?”

“யாரும் இல்ல மேடம்.”

“முன்னாடி?”

“முன்னாடியும் யாரும் இல்ல. சும்மா பூட்டிக் கெடக்குது. சுத்தம் பண்ணி, பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்.”

ஆபீஸ் குரலிலேயே நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். போன் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண், “ரொம்பத் திட்டிட்டாங்களாக்கா?” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்து வைத்தேன்.

“போகாம ஏமாத்துறதுதானே பிளான்?” என்றார் என் வீட்டுக்காரர்.

“பிளான் மாறிடுச்சு. அந்த ரூம்ல போய் உக்காந்து அழப் போறேன். வாய்விட்டு. தெருவுக்கே கேக்குற மாதிரி. அங்க யாரு இருந்தான்னு அவன் வாயால சொல்லணும்.”

மறுநாள் அவர் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பஸ்ஸில் எங்களோடு கடைசி நிறுத்தம் வரை வந்தது ஒரு தபால் மூட்டை மட்டும்தான். கடற்கரைத் தெருவில் கடைகளின் பெயர்ப் பலகைகள் காற்றில் கடகடவென்று ஆடின. மூடிய கடைகளுக்கு நடுவே அண்ணனின் லாட்ஜ் மட்டும் எல்லா ஜன்னலிலும் விளக்கெரிய நின்றது. வாசல் படி கழுவியிருந்தது. அண்ணன் தேய்த்த சட்டையில், தலையைப் படிய வாரி, கேட்டைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் அண்ணி தட்டில் டீக் கோப்பைகளோடு நின்றாள். பத்துக் கோப்பைகள்.

என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் இருந்த சிரிப்பு வாடகைச் சட்டை மாதிரி கழன்று விழுந்தது.

“நீயா? என்னம்மா இந்த நேரத்துல வந்து நிக்கிற? பெரிய குரூப் ஒண்ணு வந்துட்டிருக்கு. ரூம் இல்லையே.”

செத்துக் கிடக்கிற குளிர்காலத்திலும் எனக்கு ரூம் இல்லை. என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பி இருமினார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“வணக்கம் சார். பத்துப் பேருக்கு ரூம் சொல்லியிருந்தோம். திரைச்சீலையெல்லாம் தோய்ச்சாச்சா?”

அண்ணிக்குத்தான் முதலில் புரிந்தது. தட்டு ஆடிக் கோப்பைகள் மோதிக்கொண்டன.

“அடிப்பாவி! மனுஷன் முதுகு ஒடிய ஒடிய வேலை பார்த்தாரு! சமையலுக்கு ஆள் சொல்லி வெச்சிருக்கோம்! உனக்கு விளையாட்டா இருக்கா?”

“உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்றேன்.

அண்ணன் கேட்டை விட்டுவிட்டான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்தெந்தக் கேள்விக்கு என்னென்ன பதில் சொன்னோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்க்கிறான் என்று தெரிந்தது. கடைசிக் கேள்வி வரை வந்ததும் அவன் கண் தாழ்ந்தது.

“கீழ் ரூமைக் காட்டுங்க சார்” என்றேன்.

சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். இந்தத் தடவை முன்வாசல் வழியாகவே போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் மேசை மேல் பத்துத் தட்டுகள் வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் புதுப் பெயிண்ட் நெடி மூக்கில் ஏறியது. அம்மாவின் அலமாரி இல்லை. அவள் பிடித்து நடக்கிற நாற்காலி இல்லை. புது விரிப்புப் போட்ட ஒரு கட்டில், ஒரு தண்ணீர் ஜக்கு, ஒரு டவல். நறுவிசாக மடித்த டவல்.

அழத்தான் வந்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எத்தனை நாள் திட்டம், எத்தனை தூரப் பயணம். அந்தப் பாழாய்ப்போன தொண்டை திறக்கவில்லை.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். கட்டில் தலைமாட்டுக்கு மேலே, வெள்ளைப் பெயிண்டுக்குள்ளிருந்து ஒரு பழுப்புக் கறை வட்டமாக வெளியே வந்திருந்தது. அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, எண்ணெய்த் தலையை வைக்கிற இடம்.

“ரெண்டு தடவை அடிச்சேன்” என்றான் அண்ணன் பின்னாலிருந்து. “சுரண்டிட்டும் அடிச்சுப் பார்த்தேன். விடிஞ்சு பார்த்தா மறுபடி வந்து நிக்குது. போகவே மாட்டேங்குது.”

“யாரோட தலை அது?” என்றேன். “யாருமே இல்லாத ரூம்தானே?”

அவன் சுவரிடம் வந்து அந்தக் கறையின் மேல் கை வைத்தான். “அம்மா” என்றான். அடுத்த நொடி வாயைப் பிளந்துகொண்டு, அடிபட்ட பிள்ளை மாதிரி, ஓவென்று அழ ஆரம்பித்தான். காலியான அறைகளிலெல்லாம் போய் முட்டித் திரும்பியது அந்தச் சத்தம். அண்ணி ஓடிவந்து வாசலில் நின்றாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அது என் அழுகை. இரண்டு வருஷமாக நான் சுமந்துகொண்டு வந்தது. அதிலும் எனக்கு முந்திக்கொண்டான். பாவமாகவும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

“சத்தம் போடாதண்ணா” என்றேன் மெதுவாக. “கெஸ்ட் இருக்காங்க.”

அழுகை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தான். பிறகு, பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்த அதே உள்ளங்கையைத் தூக்கி, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.