ஷரீபாவின் தாடையும் முப்பத்தொரு கதவுகளும்

1936ஆம் வருஷம் ஆடி மாதம் ஷரீபாவின் தாடை பாதியில் பிடித்துக்கொண்டது. அன்றைக்கே, பாலக்கரைக்குப் பக்கத்தில் அவள் குடியிருந்த தெருவின் முப்பத்தொரு வாசல் கதவுகளும் பாதிக்கு மேல் திறக்க மறுத்தன. ஆசாரியை அழைத்துக் கழற்றிப் பார்த்தார்கள். கழன்ற கதவு வாசலில் பாதியை மறித்தபடி அந்தரத்தில் நின்றது. சனங்கள் ஒருக்களித்து வரப்போகப் பழகிக்கொண்டார்கள். அரிசி மண்டி தங்கையன் மட்டும் உடம்பு இடம் கொடுக்காமல் வீட்டுக்குள்ளேயே தங்கிப்போனார். அவருக்குச் சாப்பாடு ஜன்னல் வழியாகப் போயிற்று.

ஷரீபாவுக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் டாக்டர் சகாயநாதன் காதோரம் விரலால் அழுத்தி, குழாய் வைத்துச் சத்தம் கேட்டு, இடது மூட்டை அறுக்க வேண்டும் என்றார். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த டாக்டர் நல்லுசாமியும் அதேபோல அழுத்தி, அதேபோலக் கேட்டு, கோளாறு வலது மூட்டில் என்றார். சனிக்கிழமை ஆபரேஷன் என்று மட்டும் இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

நர்ஸ் லூர்துராணி ஷரீபாவின் பழைய குறிப்பைப் புரட்டினாள். சகாயநாதனே போன வாரம் வலது என்று எழுதியிருந்தார். அதே விரல், அதே தாடை! வேலை போனாலும் போகட்டும் என்று நேரே அவர் அறைக்குப் போனாள்.

"டாக்டர், சனிக்கிழமை எந்தப் பக்கம் அறுக்கறதுங்க?"

அவர் தன் பழைய குறிப்பைப் பார்த்துவிட்டு, இருவரும் இன்னொரு தடவை பார்க்கிறோம் என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை ஷரீபாவையும் சேர்த்துத் தாடைவலிக்காரப் பெண்கள் ஆறு பேரை லூர்துராணி வரவழைத்தாள். தாடை மட்டும் தெரியும்படி எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைப் போர்வை. பேசக்கூடாது என்று கட்டளை. டாக்டர்களைத் தனித்தனி அறையில் உட்கார்த்தி, ஒவ்வொருத்தியையும் வரிசை மாற்றி இரண்டிரண்டு தடவை உள்ளே அனுப்பினாள். அழுத்தம், சத்தம், கடைசியாக மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே அடிஸ்கேல். மூன்றையும் தானே எழுதிக்கொண்டாள். அதே நேரத்தில் தெருவில் ஷரீபாவின் கணவர் பரக்கத் அலி கையில் கயிற்றோடு கதவு கதவாக அளந்துகொண்டிருந்தார்.

மத்தியானம் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் ஒப்பிட்டாள். எங்கே வலிக்கிறது என்பதில் ஒரே டாக்டரே இரண்டு தடவைக்கும் இரண்டு பதில் சொல்லியிருந்தார். சத்தம் அதைவிட மோசம். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவுதான் பொருந்தியிருக்கும். ஆனால் ஸ்கேல் அளவு? ஷரீபாவுக்கு நான்கு தடவையும், அங்குலத்துக்கு எட்டு நூல் கணக்கில், ஏழு நூல், ஒன்றில்கூட மாற்றமில்லை! மற்ற ஐந்து பேருக்கும் அப்படியே. பரக்கத் அலி ஓடிவந்து, முப்பத்தொரு கதவும் சரிபாதி, இம்மியும் பிசகவில்லை என்றார்.

"அளவு மட்டும்தான் பொய் சொல்லலைங்க, டாக்டர்!" என்று லூர்துராணி கத்தியே விட்டாள். நல்லுசாமி காகிதத்தை வரி வரியாகச் சரிபார்த்தார். பிறகு கத்திகளைப் பெட்டியில் வைத்து மூடச் சொன்னார். சகாயநாதனுக்கு முகம் சிவந்துபோயிற்று. ஆனாலும் ஆபரேஷன் சீட்டைத் தன் கையாலேயே கிழித்தார்.

அதன்பின் வெந்நீர் ஒத்தடம், குழைந்த சோறு, தினமும் மெல்லத் திறந்து மூடும் பயிற்சி. வாரம் ஒருமுறை ஸ்கேல். எட்டு நூல் என்று லூர்துராணி அறிவித்த வாரம் தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். பத்து நூலில் தங்கையன் வெளியே வந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். தை பிறந்து நான்காம் நாள் ஷரீபா ஒரு முழுக் கொய்யாவை வாய்நிறையக் கடித்தாள். பதினான்கு நூல்! கதவுகள் சுவரில் மோதி விரிந்த சத்தம் கோட்டை ரயிலடி வரை கேட்டதாகச் சொல்வார்கள். "சிஸ்டர், வலிக்கலை! அல்லாஹ்வே, வலிக்கலை!" என்று ஷரீபா வாய் நிறையப் பழத்தோடு அழுதாள்.

பத்து வருஷம் ஆகியும் அந்தக் கதவுகள் அவள் தாடையைத்தான் கேட்கின்றன. புதிதாக பீரோ வாங்குகிறவர்கள் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு முதலில் அவள் வீட்டுக்கு வருவார்கள். "அக்கா, ஒரு கொட்டாவி விடுங்களேன்" என்பார்கள். அவளும் விடுவாள்.