ரிம்முக்குள் கொஞ்சம் புஞ்சை

1

இந்தக் கதை ஒரு மண்கட்டியிலிருந்து பிறந்தது. உள்ளங்கை அகலம்தான் இருந்தது. ஓய்வு பெற்றவனுக்குப் பொய் சொல்ல நேரம் நிறைய இருப்பதால் அம்மிக்கல் அளவு என்று எழுதப்போகிறேன். நம்பிக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: ‘1997 ஐப்பசியில், பசுவந்தனைக்கு வெளியே வானம் கறுத்து...’ வேண்டாம். ஒரு கதையாவது வானம் இல்லாமல் தொடங்கட்டும்.

இரண்டாவது: வன்னியபெருமாளின் ஃபோர்வீல் ஜீப் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால், ஸ்டீயரிங் சாமி வந்ததுபோல் ஆடியது. இதுவே இருக்கட்டும்.

2

அவன் மனைவி பிரேமலதாவுக்கு நிறைமாதம். மழை பிடித்துக்கொண்டால் கரிசல் பாதையில் வேறெந்த வண்டியும் நகராது. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு இந்த ஜீப்தான் கதி. அவளோ ஏற மறுத்தாள்.

“மொதல்ல அதுக்கு வைத்தியம் பாருங்க. பெறகு எனக்குப் பாக்கலாம்.”

மெக்கானிக் அழகிரிசாமி வீட்டுக்கே வந்தார். (இவரைச் சித்தர்போல எழுதி அடித்துவிட்டேன். அவரும் முதலில் தப்பாகத்தான் சொன்னார்.) முன்சக்கரம் திரும்புகிற அச்சாணி, கிங்பின், போயிருக்கும் என்றார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கினால், அசைவில்லை. காற்று? சரியாக இருந்தது. கடைசியில் முன்சக்கரங்களைப் பின்னால் மாட்டி ஓட்டச் சொன்னார்.

“இப்ப கை ஆடல மேஸ்திரி,” என்றான் வன்னியபெருமாள். “சீட்டு ஆடுது.”

“அப்ப ஸ்டீயரிங் மேல குத்தமில்ல தம்பி. ஆட்டம் சக்கரத்தோடயே பின்னால போயிட்டு.”

கழற்றினார்கள். டயர், எலி கடித்த அப்பளம்போல அங்கங்கே குழிந்து தேய்ந்திருந்தது. ரிம்மின் உட்பக்கம், ஒரே ஓரத்தில், கல்லாகக் காய்ந்த கரிசல். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் கனம்.

[இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பருத்தி முளைக்கிற மண். கோடையில் மாட்டுக்கால் இறங்கும் அளவுக்கு வெடிக்கிற மண். அதில் ஒரு கட்டி இத்தனை இரும்பையும் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைத்திருக்கிறது! நிலா கடலை இழுக்கிறதே, அதற்கு அடுத்தபடி இதுதான். மிகைப்படுத்தவில்லை. சரி, கொஞ்சம்.]

3

தட்டிவிட்டால் கதை முடிந்தது. ஆனால் பிரேமலதாவின் மாமியார் சங்கரம்மாள் குறுக்கே வந்து நின்றாள். முதல் மழையில் வண்டியில் ஒட்டிய மண்ணை, விதைப்பு முடியும்வரை போக்கக் கூடாது. அது அவர்கள் வீட்டு வழக்கம்.

“போன வருசம் கழுவுனிய. ஒரு காய் வெடிச்சுதா?”

“அத்தை, ஒங்களுக்குப் பருத்தி வேணுமா, பேரன் வேணுமா?”

“ரெண்டும் வேணும்ட்டி.”

[இவளை வில்லியாக்கினால் எனக்குச் சுலபம். ஆனால் பேசும்போதே அவள் கை மருமகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்ததே!]

பிரேமலதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “நம்ம புஞ்சையிலயே கொண்டு போட்டா எங்க போயிரப்போவுது?”

சங்கரம்மாள் யோசித்தாள். உள்ளே போய்ச் முறத்தை, அவள் பாஷையில் சொளகை, எடுத்துவந்து ரிம்முக்கடியில் பிடித்தாள்.

“தட்டும் மேஸ்திரி. ஒரு பொட்டு கீழ சிந்தக் கூடாது.”

பிள்ளையைத் தூக்கிப்போவதுபோல அதைப் புஞ்சைக்குத் தூக்கிப்போனாள்.

4

அவள் திரும்புவதற்குள் மழையும் வலியும் சேர்ந்து வந்தன.

முடிவு ஒன்று: ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை, அதற்குப் பேர் கரிச... அடித்துவிட்டேன். முடிவு இரண்டு: வழியில், ஜீப்புக்குள்ளேயே... ஐயோ, கை வரவில்லை.

ஏனென்றால் ஜீப் இன்னும் கரிசல் பாதையில்தான் உழுதுகொண்டு போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் புது மண் ரிம்முக்குள் ஏறுகிறது. பின்சீட்டில், காலிச் சொளகோடு சங்கரம்மாள். அவள் மடியில் பிரேமலதாவின் தலை.

தார்ச்சாலை வந்துவிட்டது. வேக முள் ஐம்பதில். நான் இறங்கிக்கொள்கிறேன், அவளுக்குக் கால் நீட்ட இடம் வேண்டும். நீங்கள் முன்னால் வாருங்கள். வன்னியபெருமாளின் கைக்குப் பக்கத்தில், ஸ்டீயரிங்கின் மேல் கை வையுங்கள்.

அறுபது. கைக்கு என்ன தெரிகிறது?