கண்ணாடிச் சட்டத்தில் அடங்காத பக்கம்

செல்போன் விதிமுறையை அறிவிப்புப் பலகையில் மாட்டிய அன்று மாலை, அந்தக் கம்பெனியில் வேலை செய்த அத்தனை பேரும் வாசல் கேட்டைத் தாண்டியதும் வேலையைப் பற்றி ஒரு சொல்கூடப் பேச முடியாதவர்களானார்கள். வெயில், காய்கறி விலை, மாமியார் எல்லாம் தாராளமாகப் பேச வந்தது. கம்பெனி பேச்சை எடுத்தால் மட்டும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எழுதிக் காட்டலாமென்றால் விரல் மரத்துப்போனது. முதலாளிக்கு ஏக குஷி.

கழிப்பறைக்கு ஆசிட், குழாய் அடைப்புக்குக் காஸ்டிக், தரைக்கு பினாயில் என்று பாட்டிலில் நிரப்பி அனுப்பும் கம்பெனி அது. லேபிள் ஒட்டும் பெண் ஒருத்தி ரீல்ஸ் போட்டதில், அவளுக்குப் பின்னால் முதலாளி வாய் பிளந்து தூங்கியதை ஊரே பார்த்துவிட்டது. மறுநாளே மனிதவள அதிகாரியைக் கூப்பிட்டு, செல்போனுக்கும் சமூக வலைத்தளத்துக்கும் விதிமுறை எழுதச் சொன்னார். பாவம், அவளும் பொறுப்பாகத்தான் எழுதினாள். போனை எந்த அலமாரியில் வைப்பது, வீட்டில் அவசரமென்றால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, எதைப் பதிவிடக் கூடாது, எதைத் தாராளமாகச் சொல்லலாம் என்று எழுதியதில் இரண்டு பக்கம் வந்தது. பலகையின் கண்ணாடிச் சட்டத்திலோ ஒரு பக்கம்தான் அடங்கும். "ரெண்டாம் பக்கத்த எவன் படிக்கப் போறான்? வெட்டித் தள்ளும்மா" என்றார் முதலாளி. அவள் 'கூடாது'களை எல்லாம் வைத்துக்கொண்டு 'சொல்லலாம்'களை வெட்டினாள். இதில் யாரைக் குறை சொல்வது? ஆபீஸில் காகிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். "கம்பெனிக்குள் நடப்பது எதையும் வெளியே பகிரக் கூடாது" என்ற வரி துணையில்லாமல் தனியாக நின்றது.

ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். "இன்னைக்கு வேலை எப்படி?" என்று கேட்பதை வீடுகளில் விட்டுவிட்டார்கள். அதிகாரியின் கணவர் மட்டும் சில நாள் கேட்டுப் பார்த்தார், எம்மேல என்ன கோபம் என்றார், பிறகு அவரும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம்தான் பாட்டிலுக்கு மூடி போடுகிறவரின் கண்ணில் பாட்டில் திரவம் தெறித்தது. பிள்ளை குட்டிக்காரர். தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். "ஆசிடா, காஸ்டிக்கா? காஸ்டிக்னா உள்ள இறங்கிட்டே இருக்கும், மணிக்கணக்கா கழுவணும். யாராவது வாயத் திறங்கப்பா!" என்று கத்தினார் டாக்டர். வாயைத் திறக்கத்தான் செய்தார்கள். மூடிக்காரர் கட்டிலில் கிடந்து மீன் மாதிரி வாயசைத்தார். அவர் மனைவி ஒவ்வொருத்தர் சட்டையாகப் பிடித்து உலுக்கினாள். "கூடவே நின்னவங்கதானே? என்ன தெறிச்சுதுன்னு சொல்ல மாட்டீங்களா? கண்ணு போயிடும்யா!" டாக்டர் கம்பெனிக்கே போன் போட்டார். மேனேஜர் எடுத்தார், வெளியாளிடம் அவருக்கும் சத்தம் வரவில்லை.

அதிகாரியும் அங்கேதான் நின்றிருந்தாள். தன் வரிதான் தன் தொண்டையில் நிற்கிறது என்று அந்த நிமிடம் புரிந்தது. ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்கு ஓடினாள். யாரிடமும் கேட்கவில்லை. தாளில் எழுதினாள்: "உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்தென்றால் யாரிடமும் எங்கேயும் சொல்லலாம்." முத்திரை குத்தினாள். ஒரு கணம் நின்று, "வீட்டில் கேட்டாலும் சொல்லலாம்" என்றும் சேர்த்தாள். சட்டத்தில் இடமில்லாததால் கண்ணாடிக்கு மேலேயே பசை தடவி ஒட்டினாள்.

அதே நொடியில் ஆஸ்பத்திரியில் அத்தனை பேரும் ஒரே குரலில் "காஸ்டிக்!" என்று அலறியதில் நர்ஸ் டிரேயைக் கீழே போட்டாள். நல்லவேளை, டாக்டர் கழுவுவதை நிறுத்தவே இல்லை. அன்று ராத்திரி கம்பெனி ஆட்கள் குடியிருந்த தெருக்களில் ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை, அவ்வளவு பேச்சு பாக்கியிருந்தது.

கண் தப்பியது. அதிகாரி பார்க்கப் போனபோது மூடிக்காரர் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தாள எழுதினது யாரு மேடம்?"

"எது, புதுசா ஒட்டினதா?"

"ரெண்டும்."

"ரெண்டும் நான்தான்" என்றாள். சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.

அவர் தன் கட்டிலிலேயே நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க. உங்க வாயையும்தானே அடைச்சுது அது."