பாப்பா சொன்னால் இறக்கலாம்

முன் வலது சக்கரம் இருந்த இடத்தில் இப்போது ஸ்பிரிங் மட்டும் இருந்தது. கட்டைவிரல் கனமுள்ள கம்பிச் சுருள். மேலே, ஸ்டாண்டுகளில் ஏற்றி நிறுத்திய லாரியின் அடிச்சட்டமான சேசிஸ், கீழே சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை. இரண்டுக்கும் நடுவில் அது நசுங்கி உட்கார்ந்திருந்தது. பார்க்கப் பரம சாது.

சக்கரம், பிரேக் டிரம், ஷாக் அப்சார்பர் எல்லாம் கழன்று சுவரோரம் போய்விட்டன. கடைசி நட்டும் வந்துவிட்டது. இனி அந்தக் கையைத் தாங்கி நிற்பது அடியில் இருக்கும் ஜாக் ஒன்றுதான். ஜாக்கைத் துளித் துளியாக இறக்கினால் ஸ்பிரிங் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வரும். கோணலாக வந்தால் எதிரில் இருப்பது எலும்பா இரும்பா என்று அது பார்க்காது. அதனால்தான் அதன் நடுவே ஒரு சங்கிலி விட்டுச் சேசிஸோடு கட்டியிருந்தார்கள். சங்கிலி இருந்தால் ஸ்பிரிங் பறக்காது. நசுக்காது என்று யாரும் சொல்லவில்லை.

பாப்பா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. முடியளவு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதுவே பழக்கமாகி, மனிதர்களிடமும் வேண்டாததெல்லாம் தெரிந்து தொலைக்கும். இன்றைக்கு அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஸ்பிரிங் வெளியே வந்த பிறகும் இரண்டு ஆண்களின் விரல்களும் அவரவர் கையில் இருக்க வேண்டும்.

சக்கர வளைவுக்குள் தலையை விட்டுப் படுத்திருந்தவர் அவள் கணவர். டைல்ஸ் பதிப்பவர். தரை மட்டமா என்று விரல் நுனியால் தடவிச் சொல்வார், அந்த விரல்தான் சோறு. பம்பருக்கு முன்னால் ஜாக்கின் நீளக் கைப்பிடியைப் பிடித்துக் குந்தியிருந்தவன் அவள் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் நடுவே ரேடியேட்டரும் மட்கார்டும் மறைத்தன. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அவள் அப்பா இறந்த நாளிலிருந்து அந்த இருவருக்குள் பேச்சில்லை. அன்று காலையிலிருந்து அப்பா மகனைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் போனை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்து, மதியத்துக்கு மேல் வந்து வாசலில் நின்றான். அவள் கணவர் கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "விருந்தாளி வந்தாச்சு, நாற்காலி போடுங்க" என்றார். அவ்வளவுதான். அண்ணன் நாற்காலியில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு அந்த மனிதரிடம் வாயையும் திறக்கவில்லை.

பிறகு இந்த லாரி வந்தது. அப்பாவின் பழைய பிக்கப், சின்ன லாரி. அதுவரை அது நின்ற கொட்டகையை, அதற்குச் சொந்தக்காரரான ஒரு மரக்கடைக்காரர் காலி செய்யச் சொன்னார். அண்ணன் குடியிருப்பதோ மூன்றாவது மாடி. பாப்பாவின் வீட்டுப் பக்கவாட்டில் ஷெட் சும்மா கிடந்தது. நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டுச் சொல்லும்படி அண்ணன் போனில் அவளிடம் சொன்னான். வரட்டும் என்று சொல்லிவிடும்படி பக்கத்திலிருந்த கணவர் சொன்னார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கக்கூட இல்லை. தபால் வேலை அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது.

வண்டி வந்த வாரமே, யாரும் கேட்காமல், கணவர் மாலை நேரங்களில் வலது மட்கார்டின் துருவைச் சுரண்டத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணன் அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு இடது மட்கார்டுக்குப் போனான். அப்படியே பழகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம், நடுவில் இன்ஜின்.

எது பேசினாலும் பாப்பா வழியாகத்தான். டீ வேண்டுமா என்று கேட்கச் சொல்வார் கணவர். கேட்கப்பட வேண்டிய ஆள் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பான். ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா என்று கேள் என்பார். அவள் அண்ணன் பக்கம் திரும்பி, அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் தரச் சொல்கிறார் என்பாள். அண்ணன் காதில் இரண்டும் விழுந்திருக்கும். இரண்டாவதற்கு மட்டும் பதிலாக ஸ்பேனரை நீட்டுவான். துரு சுரண்டுகிற வரை இதில் ஆபத்தில்லை. சிரிப்புக்கூட வரும்.

இன்று காலை ஸ்பிரிங் என்றதும் அவள் சொல்லிப் பார்த்தாள். இந்த ஒரு வேலைக்காவது நேராகப் பேசித் தொலையுங்கள் என்றாள். அண்ணன் அதற்குத் தயாராக ஒரு சட்டம் வைத்திருந்தான். லிஃப்ட் வேலையில் மேலே ஓர் ஆள், கீழே ஓர் ஆள் இருந்தால் ஏற்று, இறக்கு என்று சொல்வது ஒரே குரலாகத்தான் இருக்க வேண்டுமாம். ஆளாளுக்குக் கத்தினால் உயிர் போய்விடுமாம்.

"பாப்பா சொன்னா இறக்குவேன். பாப்பா போதும்னா நிறுத்துவேன். வேற குரல் எனக்குத் தேவையில்லை."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கணவரும் சட்டமென்றால் சட்டம் என்பது போலக் கையுறையை மாட்டினார்.

முதல் நான்கைந்து முறை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கணவர் இறக்கச் சொல் என்பார். அவள் இறக்கு என்பாள். கைப்பிடி திரும்பும், இரும்புக் கை நகத்தளவு தாழும். போதும் என்பார், போதும் என்பாள், நிற்கும். ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது. காய்ந்த சேறும் துருவும் பொலபொலவென்று உதிர்ந்தன.

பிறகு ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெளி ஓரம், இரும்புக் கையில் அது உட்காரும் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, உள் ஓரம் தூக்கிக்கொண்டு, அடியில் இரண்டு விரல் நுழையும் இடம் தெரிந்தது. கணவர் எட்டிப் பார்த்தார். குழியில் துருக்கட்டி ஒன்று கிடக்கிறது, அதுதான் தடுக்கிறது என்றார். இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னார். அவள் இறக்கு என்றாள். டார்ச்சை நன்றாக அடிப்பதற்காகக் குனிந்தாள். அவர் விரல்கள் அந்த இடைவெளிக்குள் போவதைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தபோது மேலிருந்து ஒரு பெரிய துருப்பொருக்கு விழுந்து அவள் முகத்தில் தூளாகியது. ஒரு கண்ணிலும் போயிற்று, தொண்டையிலும் போயிற்று.

"போதும்," என்றார் கணவர். உடனே, "நிறுத்து. கை மாட்டுது."

ஸ்பிரிங்கின் வெட்டிய முனையில் கையுறை சிக்கியிருந்தது. அண்ணனுக்குக் கேட்டது. கேட்டது என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. அந்தக் கண் அவள் வாயில் வந்து நின்றது. அவள் வாயில் இருமலைத் தவிர எதுவும் வரவில்லை. அவன் கை இன்னும் அதே மெதுவான, கவனமான வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் டார்ச்சைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினாள். கைப்பிடி நின்றது. கொஞ்சம் தாமதமாக நின்றது. உள்ளே எதுவோ தடக்கென்று குழியில் விழுந்தது.

கத்தல் ஏதும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கணவர் ஊர்ந்து வெளியே வந்தார். வலது கை வெறுங்கையாக இருந்தது. ஒவ்வொரு விரலாக மடக்கினார், நீட்டினார். நடுவிரல் முட்டியில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. மற்றபடி ஐந்தும் இருந்தன. கையுறை மட்டும் உள்ளேயே இருந்தது. அதன் இரண்டு விரல்கள் ஸ்பிரிங்குக்கு அடியில் காகிதமாகத் தட்டையாகிக் கிடந்தன.

அண்ணன் எழுந்து வந்து அதைப் பார்த்தான்.

பாப்பா குழாயடிக்குப் போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒரு கண் சிவந்து வழிந்தது. யாரையும் திட்டவில்லை. திட்டத் தெரியாதவள் என்பதல்ல; திட்டினால் இருவரும் அவள் மேல் பரிதாபப்பட்டுத் தப்பித்துக்கொள்வார்கள்.

"அண்ணா, உன் வேலையில நிறுத்துன்னு யார் சொன்னா நிறுத்தணும்?"

அவன் கைப்பிடியையே பார்த்தான்.

"யார் சொன்னாலும்," என்றான். "வாட்ச்மேன் சொன்னாலும்."

காலையில் சட்டம் சொன்னபோது இந்தப் பாதியை ஏன் விழுங்கினான் என்று அவள் கேட்கவில்லை. கணவரும் கேட்கவில்லை. அவர் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டதும், அந்த ஸ்பிரிங்கை மிச்சமும் இறக்கி வெளியே எடுத்தார்கள். கடப்பாரையால் ஒரு நெம்பு, அவ்வளவுதான் வேலை.

இடது பக்கம் பாக்கி இருந்தது; அங்கும் சக்கரமும் டிரம்மும் காலையிலேயே கழன்றிருந்தன. நாளைக்குப் பார்க்கலாம் என்று கணவர் அவளிடம் சொன்னார். அண்ணனும் அதையே அவளிடம் சொன்னான். ஒரு பக்கம் கழன்று ஒரு பக்கம் இறுகி வண்டி கோணலாக நிற்கக் கூடாது என்று காலையில் சொன்னவர்களும் இவர்கள்தான். நாளைக்கு என்றால் இன்னொரு சட்டம் வரும். அவள் போய் ஜாக்கை இடது பக்கத்துக்கு உருட்டினாள். கைப்பிடிக்கு முன்னால் அவளே குந்தி உட்கார்ந்தாள்.

"நான் பிடிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போங்க. ரெண்டு பேரும் சொன்னாத்தான் இறக்குவேன். ஒருத்தர் சொன்னா கை அசையாது. நிறுத்துன்னா யார் சொன்னாலும் நிறுத்துவேன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். எப்போதும் சொன்னதைச் சொல்கிற பெண். கணவர் சங்கிலியை எடுத்தார். அண்ணன் மறுமுனையை வாங்கினான்.

நட்டு கழன்றது. அவள் கைக்குள் பாரம் வந்து உட்கார்ந்தது. கைப்பிடி வழியாக அதை உணர முடியாது என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் உணர்ந்தாள்.

"இறக்கலாம்," என்றான் அண்ணன், ஷெட் கூரையைப் பார்த்து.

கணவர் கொஞ்ச நேரம் கழித்து, "ம்," என்றார்.

அவள் அசையவில்லை.

"இறக்கலாம்," என்றார் கணவர்.

இறக்கினாள். நிறுத்தினாள். மறுபடி ஒருவர், மறுபடி மற்றவர். மட்கார்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரின் செருப்புக் கால்கள் மட்டும் அவளுக்குத் தெரிந்தன. ஸ்பிரிங் பாதி விரிந்திருக்கும். அண்ணன் கடப்பாரையை எந்தப் பக்கம் கொடுப்பது என்று முணுமுணுத்தான். கணவர் உள்பக்கம் வேண்டாம் என்றார். எனக்குத் தெரியும் என்றான் அண்ணன். தெரிந்த லட்சணத்தைத்தான் விரலில் கட்டியிருக்கிறேனே என்றார் கணவர். இது நேராக அவனிடம் சொன்னது. சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். கால்கள் நான்கும் அப்படியே நின்றன.

"நாற்காலி போடச் சொன்னீங்களே மாப்ளை," என்றான் அண்ணன். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "அன்னைக்கு லிஃப்ட்ல ஒரு அம்மாவும் கைக்குழந்தையும் மாட்டியிருந்தாங்க. நான் மேல தொங்கிட்டு இருந்தேன். போன் கீழ பையில. அவங்களை விட்டுட்டு வந்திருக்கணுமா?"

பாப்பாவுக்கு இது தெரியாது. அவளிடமும் அவன் சொன்னதில்லை.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்," என்றார் கணவர்.

"நீங்க எங்க கேட்டீங்க?"

"அவர் உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தார் மச்சான். ஒவ்வொரு தடவையும் நான்தான், இதோ வந்துட்டார்னு சொன்னேன். தெருமுனைக்கு வந்துட்டார், வாசலுக்கு வந்துட்டார்னு பொய் பொய்யாச் சொன்னேன். பொய்யைக் கேட்டுக்கிட்டேதான் போனார். அப்புறம் நீங்க வந்து நின்னீங்க. நான் என்ன செய்ய?"

பாப்பா அழப்போகிறோம் என்று நினைத்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஜாக்கின் பளபளப்பான தண்டில் ஒரு பொட்டு எண்ணெய் திரண்டு வழிந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. இரும்புக் கைக்கும் தரைக்கும் நடுவே இருந்த வெளிச்சக் கீற்று, ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும், முன்பைவிட மெலிந்திருந்தது. அவள் கை அசையவே இல்லை.

"ஜாக் தானா இறங்குது," என்றாள். "நான் இறக்கலை."

பேச்சு நின்றது.

"கையை எடுங்க மாப்ளை."

"எடுத்துட்டேன். கடப்பாரையை விடுங்க, அது உங்க பக்கம்தான் அடிக்கும்."

"விட்டாச்சு. காலைப் பின்னால வைங்க."

"வச்சாச்சு. நீங்க சங்கிலிக்கு இந்தப் பக்கம் வாங்க. இன்னும். என் பக்கம் வாங்க மச்சான்."

செருப்புக் கால்கள் நான்கும் ஒரே பக்கமாகப் போயின. ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு நின்றன.

"இறக்கு," என்றார்கள் இருவரும்.

அவள் கைப்பிடியைத் திருப்பினாள். எண்ணெய் சீறியது. இரும்புக் கை கடகடவென்று கீழே போனது, ஸ்பிரிங் ஒருமுறை உறுமிக்கொண்டு சங்கிலியில் மோதி, லாரியையே உலுக்கிவிட்டு, தலைகுப்புறத் தொங்கியது. துருத்தூள் அடங்க நேரமாயிற்று. தூளுக்குள்ளிருந்து இரண்டு பேர் இருமினார்கள். பாப்பா இருமல்களை வைத்தே இருவரும் முழுசாக இருக்கிறார்கள் என்று கண்டுகொண்டாள்.

கைப்பிடியிலிருந்து விரல்களைப் பிரிக்கச் சிரமமாக இருந்தது. எழுந்து வந்து பார்த்தாள். கணவர் அண்ணனின் முழங்கையைப் பிடித்திருந்தார். பிடித்திருப்பது இருவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. பிறகு தெரிந்தது, விட்டார்.

இந்த ஓட்டை ஜாக்கை எந்தக் குப்பையில் பொறுக்கினீர்கள் என்று கேட்டார் அவர். தன் லிஃப்ட் கம்பெனி ஜாக், இதற்கு முன்னால் இப்படிச் செய்ததில்லை என்றான் அண்ணன். கம்பெனியே அப்படித்தானா என்றார் அவர். இரண்டு ஸ்பிரிங்குகளையும் தரையில் பக்கம் பக்கமாக நிறுத்தினார்கள். ஒன்று மற்றதைவிட ஒரு விரற்கடை குட்டை. எது களைத்துப்போனது, மாற்றுவதென்றால் ஒன்றையா இரண்டையுமா என்று பேச்சு போனது. நாற்காலி பற்றி அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. தீர்ந்துவிட்டது என்று அவள் நினைக்கவில்லை.

கண் இன்னும் உறுத்தியது. அவள் மறுபடி குழாயடிக்குப் போனாள். தண்ணீரைத் திறந்துவிட்டுக் குனிந்தபோது ஷெட்டில் குரல்கள் உயர்ந்தன. இரண்டையும் மாற்றணும் என்றது ஒன்று. எதுக்கு வீணா என்றது இன்னொன்று. அவள் குழாயை மூடிவிட்டு, முகத்தில் நீர் சொட்டச் சொட்ட நின்று கேட்டாள். இரண்டு குரலும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டே போயின. யாரும் பாப்பா என்று கூப்பிடவில்லை.